“சாப்ட்டியாடா?” என்று கேட்ட ஆள்: கடலூர்க் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியிலிருந்து மது பாட்டில் கடத்தி வந்து பிடிபட்ட ஒரு பையனின் கதை இது. இதில் அவனுக்குப் பெயர் கிடையாது. குப்பத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிடையாது. இப்படியொரு வழக்கில் வருகிற பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பெயர் கிடைத்தால் போதும், பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு ஆள் வந்துவிடும். வீட்டார் சம்மதத்தோடு, சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். பையனைத் தம்பி என்று குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

கடலோரக் குப்பங்களில் பிள்ளைகளோடு வேலை பார்க்கிற சமூகப் பணியாளர் நான். தம்பியைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை எழுத அவன் வீட்டுக்குக் கிளம்பிய நன்னடத்தை அலுவலர், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தெரு எனக்கு ஏற்கெனவே பழக்கம். தம்பியை மட்டும் நான் கவனித்ததே இல்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பிடிபட்டது

2023 நவம்பர், வெள்ளிக்கிழமை சாயங்காலம். புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் ஒன்றை எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஓட்டி வந்தவனுக்கு வயது 16. கால் வைக்கிற இடத்தில் ஒரு அன்னக்கூடை. மேலே ஈரச் சாக்கு, சாக்குக்கு அடியில் உடைத்த ஐஸ், ஐஸுக்கு அடியில் நாலு கானாங்கெளுத்தி. அதற்கும் அடியில் 48 குவாட்டர் பாட்டில்.

கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். தென்பெண்ணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எல்லை. எல்லை தாண்டியதும் பிராந்திக் கடைகள். அங்கே வரி குறைவு. இங்கே 2003 முதல் டாஸ்மாக் மட்டும்தான் சில்லறைக்கு விற்கிறது. இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இந்தத் தொழிலின் முதல். மீன் கூடையோடு வருகிற சின்னப் பையனை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பது அதன் உத்தி.

காவலர்கள் அவனை அடிக்கவில்லை, லாக்கப்பில் வைக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கொடுங்குற்றம் இல்லாத, பெரியவர்கள் கூட்டுச் சேராத வழக்கில் பிள்ளை மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்து பின்புல அறிக்கையோடு, பிள்ளைகள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். அப்படியே செய்தார்கள். ஆனால், ‘பெரியவர்கள் கூட்டுச் சேராத’ என்ற இடத்தில் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஸ்கூட்டர் தம்பியுடையது இல்லை. 48 பாட்டில் வாங்கிய பணமும் அவனுடையது இல்லை. அந்த வயதில் அவனுக்குப் பாட்டில் விற்கவே கூடாது. பிள்ளைகளை வைத்து மது கடத்துகிறவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் வந்த தாளில் பாட்டில் கணக்கு சரியாக இருந்தது. ஆள் கணக்கு இல்லை.

வீடு

தம்பியின் தாத்தா காலத்தில் வீடு கடலுக்கு நூறு தப்படியில் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் அது போனது. இப்போது இருப்பது சுனாமிக் குடியிருப்பில் ஒரு கூடம், ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது தண்ணீர்த் தொட்டி உடைந்தது. 2015 மழையில் தரை ஊறியது. இரண்டு தடவையும் பழுது பார்க்கக் கடன்தான்.

அப்பா சுருக்குமடி வலையில் பங்குக்குப் போனவர். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் பெரிய வலை அது. ஒரு செட்டுக்கு முப்பது நாற்பது பேர் வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி கூட்டம் மாட்டினால் ஒரே நாளில் ஒரு மாதச் சம்பாத்தியம். அந்த வலைக்குத் தமிழ்நாட்டில் 2000த்திலேயே தடை. நடைமுறையில் பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. 2020இல் கெடுபிடி இறுகியதும் கடலூர்க் குப்பங்கள் தெருவில் இறங்கின. மீன் குஞ்சு வரை வாரிவிடும், சின்ன வலைக்காரனுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தடை கேட்கிறவர்கள் சொல்லும் வாதத்தில் நியாயம் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் வலை கரையேறியபோது அதில் போன முப்பது நாற்பது பேரும் என்ன ஆவார்கள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனையோடு அனுமதித்தது. தம்பியின் அப்பா அதற்குள் மங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மங்களூரு லாஞ்சில், அதாவது பெரிய விசைப்படகில், ஏறினால் பத்துப் பன்னிரண்டு நாள் கடல்தான். சிக்னல் கிடையாது. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்பா வீட்டில் இருப்பது அந்த இரண்டு மாதம். அதிலும் பாதி நாள் தூக்கம், மீதி நாள் குடி. மகனோடு என்ன பேசுவார் என்று கேட்டேன். “போனைக் குடுடா, பாட்டு கேக்கணும்பாரு” என்றான் தம்பி.

அம்மா விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்தில் ஏலத்துக்கு நிற்க வேண்டும். கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றி மஞ்சக்குப்பம் பக்கம் தெருத் தெருவாகப் போவார். வீடு திரும்ப சில நாள் மத்தியானம் மூன்று, மீன் போகாத நாளில் ராத்திரி ஏழு. மகளிர் குழுவில் ஒரு கடன், வெளியில் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை தவணைக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பணம் கைக்கு வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அம்மா சொன்ன ஒன்றை அப்படியே எழுதிக்கொண்டேன்: “சோத்துல தண்ணி ஊத்தி மூடி வச்சிட்டுப் போவேம்மா. வந்து தொறந்து பாத்தா அப்படியே இருக்கும். கூட்டாளி வூட்டுல தின்னுருப்பான்னு நெனச்சுக்குவேன். மறுநாளும் அப்படியே இருக்கும்.” சொல்லிக்கொண்டே அந்தச் சட்டியைக் காட்டினார். அலுமினியச் சட்டி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டு மேல் கழுவிக் கவிழ்த்த குழம்புக் கரண்டி. மகன் விலகிப் போவதை அந்த வீட்டில் முதலில் காட்டியது அந்தத் தட்டுதான். அம்மாவும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு என்ன செய்வது? மூன்று மணிக்கு ஏலம்.

பள்ளிக்கூடம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது தம்பி ஏழாவது. எட்டாவது முழுக்கப் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி உள்ளே போனபோது அவன் ஒன்பதாவது. நடுவில் ஒன்றரை வருஷம். வீட்டில் இருந்த ஒரே போன் அம்மாவின் பட்டன் போன். அந்த ஒன்றரை வருஷத்தில் அவன் கற்றது ஐஸ் உடைக்க, மீன் தரம் பிரிக்க, ஸ்கூட்டர் ஓட்ட.

ஒன்பதாவதில் ஆங்கிலப் பாடத்தை எழுத்துக் கூட்டித்தான் படித்தான். கடைசி பெஞ்ச். முடி அதிகம் என்று வெளியே அனுப்பினார்கள். வெட்டப் பணம் இல்லாமல் மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் வராததற்கு அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். அம்மா வந்தால் ஒரு நாள் வியாபாரம் போகும். அதனால் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. தலைமுடியில் ஆரம்பித்தது இரண்டு வாரத்தில் விடுப்புக் கணக்காகிவிட்டது. பத்தாவது அரையாண்டு முடிந்ததும், “நீ இங்கே எழுதினா ஃபெயில்தான், டுட்டோரியல்ல சேர்ந்து பிரைவேட்டா எழுதிக்கோ” என்று ஒருவர் சொன்னார். தேர்ச்சி விகிதம் குறையக் கூடாதே. யாரும் அவனை விரட்டவில்லை. 2023 ஜனவரியில் அவன் வராமல் போனான். தேடி ஒரு ஃபோன்கூட வரவில்லை. அந்தப் பள்ளியில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சிலரை எனக்குத் தெரியும். ஆளாளுக்கு அறுபது பிள்ளைகள்.

தெரு

‘குப்பத்துப் பசங்க அப்படித்தான், ரத்தத்திலேயே இருக்கு.’ இதைக் கடலூரில் படித்தவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கொஞ்சம் விலகிச் சிகாகோவுக்குப் போய்வருகிறேன். கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த நகரத்தில் சிறுவர் வழக்குகளைப் பல பத்தாண்டுகளுக்குப் பேட்டை பேட்டையாக வரைபடத்தில் குறித்து, 1942இல் முடிவை வெளியிட்டார்கள். சில பேட்டைகளில் எப்போதும் வழக்கு அதிகம். அங்கே முதலில் இருந்தவர்கள் ஜெர்மானியர், ஐரிஷ்காரர். அவர்கள் கொஞ்சம் தலையெடுத்து வேறிடம் போனார்கள், இத்தாலியர், போலந்துக்காரர் வந்தார்கள். ஜனம் மாறியது, வழக்கின் விகிதம் மாறவில்லை. இடம் விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் போன இடத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். அப்படியானால் ரத்தத்தில் என்ன இருக்கிறது? தெருவில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் முறை.

தம்பியின் தெருவில் நடந்ததை ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். எழுபது வயது, இன்னும் கிழிந்த வலை பொத்துகிறவர். பழைய குப்பத்தில் வீடுகள் கடலைப் பார்த்திருக்கும். மத்தியானம் எல்லா ஆம்பிளையும் மணலில் வலையோடு உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பேர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். “எவன் புள்ளையா இருந்தாலும் கூப்ட்டு ரெண்டு வுடுவோம், அப்புறம் மீனும் குடுப்போம்” என்றார். குடியிருப்பு உள்ளே தள்ளி வந்ததும் வீடுகள் ஒன்றுக்கு முதுகு ஒன்றாக வரிசை கட்டின. வலைக்கூடம் கடலோரத்திலேயே நின்றுவிட்டது. வலை பொத்தும் கிழவர்கள் அங்கே, பிள்ளைகள் இங்கே. பாதுகாப்பான இடத்தில் கல்வீடு கிடைத்தது பெரிய காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பத்துப் பேர் கண்ணுக்கு மட்டும் மனையில் இடம் ஒதுக்கவில்லை.

தெருமுனையில் காலியாகக் கிடந்த அந்த இடத்துக்கு ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பையன்கள் எல்லாரும் ‘அண்ணன்’ என்றுதான் சொல்கிறார்கள். முதலில் பாட்டில் இல்லை. “பைக்கைப் பஞ்சர் போட்டுட்டு வாடா”, “பரோட்டா வாங்கிட்டு வா, நீயும் ஒரு செட் சாப்பிடு.” நாலு மாதம் இப்படியே போனது. ஐந்தாம் மாதம் ஒரு பார்சல். ஒரு நடைக்கு 300 ரூபாய். முதல் 300இல் தங்கைக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கினான், மீதியை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தான். செவ்வாய்க்கிழமை தவணைக்காரர் அன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் எழுந்து போனார். ஐஸ் கம்பெனிக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

ஏன் அந்த ஆளை நம்பினாய் என்று நான் கேட்டது தப்பான கேள்வி. தம்பி வெகுநேரம் பேசாமல் செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அவரு மட்டும்தான்க்கா டெய்லி கேப்பாரு, சாப்ட்டியாடான்னு” என்றான்.

என் அறிக்கையில் வறுமை, தகப்பன் குடி, படிப்பு நின்றது, கெட்ட சகவாசம் என்று வழக்கமான நாலு கட்டத்தையும் நிரப்பினேன். நாலும் பொய் இல்லை. ஆனால் வறுமையும் குடியும் பல வருஷமாக அந்த வீட்டில் இருந்தவை. 2023க்குள் நடந்து முடிந்தது வேறு. அவனை எதிர்பார்த்துக் காத்திருந்த இடங்கள் ஒவ்வொன்றாக அவனைக் கேட்பதை நிறுத்தின. பள்ளி, அப்பா, வலைக்கூடம், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் கடத்தல்காரனாக இருந்தார்.

பெரியம்மா மகன்

அதே தெருவில் தம்பியின் பெரியம்மா மகன் ஒருவன் இருக்கிறான், ஆறு மாதம் மூத்தவன். அதே சுனாமி வீடு, அதே ஒன்றரை வருஷப் பள்ளி இடைவெளி, அவன் அப்பாவும் சுருக்குமடியில் போனவர்தான். ‘அண்ணன்’ அவனையும் பரோட்டா வாங்க அனுப்பிப் பார்த்திருக்கிறார். அவன் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டான். பாலிடெக்னிக் போகிறான். ஏன்?

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில், 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னரும் அவருடன் இருந்தவர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே ஆளானார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் விடாமல் பிடித்துக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தது: பாட்டி, ஆசிரியர், அக்கம்பக்கத்தார், யாரோ.

பெரியம்மா மகனுக்கு அது தாய்மாமா. ஃபைபர் போட் என்ஜின் மெக்கானிக். சனிக்கிழமை ஆனால் அவனைக் கூட வைத்துக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொல்வார். போகாவிட்டால் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார்.

அந்தத் தாய்மாமா தம்பிக்கும் தாய்மாமாதான். இது தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. யாரும் சொல்லவில்லை. சுருக்குமடிப் பங்குக்காகத் தம்பியின் அப்பா மச்சானிடம் 80 ஆயிரம் வாங்கியிருந்தார். வலை கரையேறியதும் திருப்ப வழியில்லை. தண்ணி போட்டுவிட்டு ஒருநாள் வார்த்தையும் விட்டுவிட்டார். 2020 ஆடியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அந்தக் கடனில் தம்பி இழந்தது ஒரு தாய்மாமா. நாங்கள் நிரப்பும் எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

பிறகு

டிசம்பரில் குழுமம் அவனைக் கண்டித்து, ஆறு மாதம் நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் வீட்டுக்கே அனுப்பியது. வாரம் ஒரு நாள் ஆலோசனை. நல்ல உத்தரவு. ஆனால் வாரத்தில் மீதி ஆறு நாள் இருக்கிறதே. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவுக்கு எட்டாவது தேர்ச்சி போதும், அதற்குச் சம்மதித்தான். சேர்க்கையோ ஆகஸ்டில். நடுவில் எட்டு மாதம் சும்மா. ஜனவரியில் மூன்று நாள் காணாமல் போனான். புதுச்சேரியில்தான் இருந்திருக்கிறான். நாலாம் நாள் காய்ச்சலோடு வந்து படுத்தான். நான் திட்டவில்லை. திட்டாதது சரிதானா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வீட்டில் இன்னொன்று. தங்கைக்கு அப்போது 14 வயது. “அண்ணன்காரன் பேரு கெட்டுப்போச்சு, இவளயும் வச்சிக்கினு இருந்தா எவன் கட்டுவான்” என்று உறவில் ஒருவர் மாப்பிள்ளை பேச ஆரம்பித்தார். ஒரே வீட்டில் ஆண் பிள்ளைக்கு ஆபத்து தெருவிலிருந்து வருகிறது, பெண் பிள்ளைக்கு அது பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தில் வருகிறது. அவளுக்கும் படிப்பு நிற்கும், அவளுக்காகவும் யாரோ ஒரு பெரியவர் முடிவு செய்வார். வித்தியாசம், ஊர் இதைக் குற்றம் என்று பார்க்காது. 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எடுத்துச் சொன்னோம், பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குச் சொல்லவும் தயாராக இருந்தோம். பேச்சு நின்றது. அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாள். அவளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் தண்டம் போட வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். வலை பொத்தும் பெரியவர் எழுந்து, “தண்டம் போடறதுன்னா, அந்தப் பையனை வேலைக்கு வச்சவனுக்கு மொதல்ல போடு, அப்புறம் பையனுக்குப் போடு” என்றார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. தம்பிக்குத் தண்டம் விழவில்லை. மற்றவருக்கும் விழவில்லை. குழுமத்துக்கு 78ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தம்பி வாயால் பெயர் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தத் தெருவில் அவன் அம்மா எப்படி நடப்பார் என்பதையும் நாங்கள்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தாய்மாமாவை மாசி மகத்தன்று பிடித்தேன். தீர்த்தவாரிக்குக் கடற்கரையே நிரம்பியிருந்தது. தம்பியின் அம்மாவைக் கூட்டிப் போகவில்லை, அவர் போனால் அழுகைதான் வரும், பேச்சு வராது. பெரியவரும் நானும் போனோம். மாமா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். 80 ஆயிரம் பற்றி ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்தார். கடைசியில், “அவங்கப்பன் கணக்கு அவங்கப்பனோட. பையனைச் சனிக்கிழமை வரச் சொல்லு” என்றார். மச்சானோடு இன்றுவரை பேசவில்லை. ஆனால் முதல் சனிக்கிழமை தம்பி போகாமல் இருந்தபோது, சுனாமிக் குடியிருப்புக்கு நாலு வருஷம் கழித்து வந்து, வாசலில் நின்று கத்தினார். அம்மா அதைச் சொன்னபோது சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

2024 ஆகஸ்டில் தம்பி ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். முதல் மாதம் ஒன்பது நாள் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அன்றைக்கே யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம்: மாமா, பெரியவர், நான், ஒரு தடவை பெரியம்மா மகன். திட்ட ஒன்றும் இல்லை, ஏன் வரலை, சாப்ட்டியா, அவ்வளவுதான். இரண்டாம் மாதம் விடுப்பு நான்காகக் குறைந்தது. சோற்றுச் சட்டியை அம்மா இன்னும் மூடி வைத்துவிட்டுத்தான் போகிறார். காலியாக இருக்கிற நாளில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.

போன மாதம் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அதே ஸ்கூட்டர். ஓட்டியவனுக்குப் பதினாலு வயதுக்கு மேல் இருக்காது, கால் தரையில் முழுசாகப் பாவவில்லை. பின்னால் பரோட்டா பார்சல் மட்டும்தான் இருந்தது. பெரியவருக்கு ஃபோன் போட்டேன். யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்கு உடனே தெரிந்தது. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் போனோம். அந்த அம்மா மறுநாள் ஏலத்துக்காக அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். பையன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்தோம்.